மயிலுக்கு எதற்குப் போர்வை?

நம்மவரிடையே நெடுங்காலமாக வேரூன்றி நிற்கும் அபிப்பிராயம் ஒன்று உண்டு. காட்டு ஜீவன்களைக் காப்பாற்றுதல் என்பது சர்க்கார் இலாகாவுக்கும், சீருடை அணிந்த வனக்காவலருக்கும், பொழுதும் பொருளும் மிகுந்த சீமான்களுக்கும் உரிய காரியம். பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை சுமந்தும் மூன்று தலைமுறையைக் கழித்து, இன்று தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீடுகளில் குடியேறி, மாதத் தவணை கட்டுவதற்கே மூச்சு முட்டிக்கொண்டிருக்கும் சாதாரணக் குடும்பங்களுக்கு அதில் யாதொரு பங்கும் இல்லை என்பதே அவ்வபிப்பிராயம். காப்பிக் கடையிலும், கோயில் மண்டபத்திலும், கல்யாண வீட்டுப் பந்தியிலும் இதனை மறுத்துரைப்பாரை நான் அதிகம் கண்டதில்லை. ஆயினும் இதற்கு ஒரு மறுபுறமும் உண்டு. அதுகாறும் 'நமக்கென்ன' என்று இருந்த அதே மனிதரின் கொல்லையில் ஒரு நாள் மரநாய்க் குட்டியோ, தேவாங்கோ, கூட்டினின்று வீழ்ந்த பறவைக் குஞ்சோ அகப்பட்டுவிட்டால், அவர் சடுதியில் பரம தயாளுவாக மாறி, அதைக் கூடையிலிட்டு, பசும்பால் புகட்டி, பிள்ளைகளுக்கு விளையாட்டுக் காட்டி வளர்ப்பதே தர்மம் என்று துணிந்துவிடுகிறார். முன்னது பாராமுகம், பின்னது பரிவு என்று நாம் எண்ணுகிறோம். ஆனால், நம் வீட்டுக்கும் வனத்துக்கும் நடுவே ஒரு மதில் இருக்கிறதென்றும், அதற்கு இப்பால் நிகழ்பவை எவையும் அப்பால் உள்ளவற்றைத் தீண்டுவதில்லையென்றும் கருதும் ஒரே மயக்கத்தில் பிறந்த இரட்டைப் பிள்ளைகளே இவை என்பது என் கட்சி.

அந்த மதில் இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். நம் ஊராகிய பீடோர் எங்கே இருக்கிறது என்று பார்த்தாலே போதும். மலேசியாவின் பத்தாங் பாடாங் மாவட்டத்தில், கிழக்கே தித்திவங்சா மலைத்தொடரின் அடிவாரமும், மேற்கே தெலுக் இந்தானை நோக்கித் தாழ்ந்து செல்லும் சமவெளியுமாக இருபுறமும் நிற்க, இடையே பழைய பெருஞ்சாலையும் ரயில் பாதையும் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையும் அடுத்தடுத்து ஓடும் நிலப்பட்டையில் இவ்வூர் அமைந்திருக்கிறது. கொய்யாவுக்கும் பெத்தாய்க்கும் வாத்து மீக்கும் பேர்போன இடம் என்று வழிப்போக்கர் இதனை அறிவர். மலையினின்று இறங்கும் பிராணி எதுவாயினும் நம் தோட்டங்களையும் கொல்லைகளையும் கடந்தே செல்ல வேண்டும் என்பதை உள்ளூர்வாசிகளே பலர் உணர்வதில்லை. வெள்ளையர் காலத்தில் காட்டை அழித்து ரப்பர் நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பின் ரப்பரைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்கும் நிலம் போதாதபோது எஞ்சிய காட்டில் கைவைத்தார்கள். சுங்காய் வட்டாரத்துப் பீக்காம் நிரந்தர வனக்காப்பகம் 2013-ல் அந்த அந்தஸ்தை இழந்து செம்பனைக்கு இரையானதும், கெருயிங் பாயா என்னும் விருட்சம் தீபகற்பத்தில் அடியோடு அற்றுப்போயிற்றோ என்று தாவர சாஸ்திரிகள் கலங்கியதும் பழங்கதைகள் அல்ல.

"பார்த்தீரா! ஒரு வனமே காகிதத்தில் அழிக்கப்படுகிற தேசத்தில், நான் என் கொல்லையில் எதைச் செய்து எதைக் காப்பாற்றிவிடப் போகிறேன்?" என்று எதிர்க்கட்சியார் இவ்விடத்தில் கேட்பார்கள். கேள்வி நியாயமானது, அதன் முடிவுதான் தலைகீழானது. காடு பரந்து கிடந்த காலத்தில் ஒரு வீட்டுக்காரனின் அலட்சியம் காட்டு ஜீவன்களை அவ்வளவாகப் பாதித்திருக்காது என்பதை ஒப்புக்கொள்ளலாம். காடு சுருங்கச் சுருங்க, வெளியேறிய பிராணிகள் தோட்டத்துக்கும், தோட்டத்திலிருந்து வாய்க்கால் வழியே தாமானுக்கும் வந்து சேர்கின்றன. பெரிய அழிவு எவ்வளவுக்கு வேகமாக நடக்கிறதோ, அவ்வளவுக்குச் சிறிய வீட்டின் பொறுப்பு ஏறுகிறதே ஒழிய இறங்குவதில்லை. வனத்தைப் பறிகொடுத்ததற்காக ஆட்சியாளரைக் கேள்வி கேட்பதும் நம் கடமையே. அதைச் செய்யாதிருப்பதற்கு இதையும் இதைச் செய்யாதிருப்பதற்கு அதையும் சாக்காகக் காட்டி, இரண்டிலிருந்தும் தப்பித்துக்கொள்ளும் சாமர்த்தியத்தைத்தான் நான் ஆக்ஷேபிக்கிறேன்.

இங்கிலாந்தில் வீட்டுத் தோட்டத்துக்கு வரும் காட்டு ஜீவன் என்றவுடன் ஜனங்கள் நினைப்பது முள்ளெலியை. அதற்கென்று 1982-ல் ஒரு சங்கமே தோன்றி, வேலிதோறும் பதின்மூன்று சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு துவாரம் விட்டால் முள்ளெலி ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்குச் சென்று இரைதேடும் என்று அண்டை வீட்டார் இருவரைச் சேர்ந்து பேச வைக்கிறது. மேனாட்டார் கொண்டாடுவதாலேயே நாமும் முள்ளெலி வளர்க்கவேண்டும் என்று நம் பிள்ளைகளிற் சிலர் செல்லப்பிராணிக் கடைகளில் விற்கும் ஆப்பிரிக்க முள்ளெலியை வாங்கிக் கூண்டில் அடைப்பது, சொல்லப்போனால், இந்த விஷயத்தை முழுவதும் தவறாகப் புரிந்துகொண்டதன் விளைவே. நம் மூதாதையர் புறப்பட்டு வந்த தமிழ்நாட்டின் வறண்ட காடுகளில் முள்ளெலி உண்டு. மலாயாவின் ஈரக் காட்டில் முள்ளெலி கிடையாது. அதற்கு மாறாக, அதே குடும்பத்தைச் சேர்ந்த, முள்ளில்லாத உறவினன் ஒருவன் இங்கே வாழ்கிறான். கறுத்த உடலும் வெளுத்த முகமும் நீண்ட மூக்கும் உடைய அதனை மலாய்க்காரர் திகுஸ் பூலான் என்பர். அது உமிழும் நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர் மறப்பதில்லை. இரவில் ஓடையோரங்களில் புழுவும் பூச்சியும் தின்று திரியும் இந்தச் சாதுப் பிராணியைப் பெருச்சாளி என்று எண்ணி மண்வெட்டியால் அடித்துக் கொல்பவர்கள், முள்ளெலியின் படத்தைச் சுவரில் மாட்டிக்கொள்வதில் என்ன பயன்?

திகுஸ் பூலானோடு நின்றுவிடுவதில்லை நம் விருந்தாளிகளின் வரிசை. முள்ளம்பன்றி மரவள்ளிக்கும் இளஞ்செம்பனையின் குருத்துக்கும் வருகிறது. மரநாய் கூரைக்கு மேல் குட்டி போடுகிறது. உடும்பு சாக்கடையில் நீந்துகிறது. மலைப்பாம்பு கோழிக்கூட்டை நாடுகிறது. எல்லாவற்றினும் சாதுவானதும், எல்லாவற்றினும் அதிகமாக வேட்டையாடப்படுவதும் எறும்புத்தின்னிதான். பல்லே இல்லாத அது எறும்பையும் கறையானையும் நீண்ட நாவினால் நக்கி உண்டு, ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டி ஈன்று, ஆபத்து நேரும்போது ஓடாமலும் கடிக்காமலும் உருண்டையாகச் சுருண்டுகொள்வது ஒன்றையே தற்காப்பாகக் கொண்டது. புலியின் வாய்க்கு அந்தத் தற்காப்பு போதுமாக இருக்கலாம். கோணிப்பையுடன் வரும் மனிதனுக்கோ அது வேலையை எளிதாக்கிக் கொடுக்கிறது. 2019 பிப்ரவரியில் சாபாவில் மட்டும் ஒரே சோதனையில் சுமார் 30 டன் எறும்புத்தின்னியும் அதன் மாமிசமும் கைப்பற்றப்பட்டன. இந்தப் பிராணி ரப்பர் காட்டிலும் செம்பனைக் காட்டிலும்கூட உயிர்வாழத் தெரிந்தது. ஆகவே அதன் முதல் பாதுகாவலனாகவோ முதல் சத்துருவாகவோ இருக்கப்போகிறவன், நடுக்காட்டு வனக்காவலனுக்கு முன்னால், தோட்டத்தை ஒட்டிக் குடியிருக்கும் நாமேதான்.

இனி, 'இலாகாவின் வேலை' என்ற வாதத்தை நேராகவே எடுத்துக்கொள்வோம். காயம்பட்டும் தாயிழந்தும் கள்ளச்சந்தையில் பிடிபட்டும் வரும் ஜீவன்களைப் பேணுவதற்குப் பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்கு தேசியப் பூங்காத் துறை நடத்தும் தேசிய வனவிலங்கு மீட்பு மையம் வேறெங்கோ தலைநகரில் இல்லை. நமக்குத் தெற்கே, பக்கத்து ஊரான சுங்காயில் இருக்கிறது. தீபகற்பத்தின் நாலா திசையினின்றும் பிராணிகள் அங்கே கொண்டுவரப்படுகின்றன. அப்படியிருக்க, 'அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்' என்று சொல்லும் உரிமை பீடோர்வாசிக்கு மற்றவரைவிட அதிகம் என்று தோன்றலாம். ஆனால் அந்த மையம் செய்யக்கூடியது, வீட்டில் விளைந்த கேட்டுக்கு முடிந்தவரை பரிகாரம் தேடுவதே. கேடு விளையாமல் தடுப்பது அதன் மதில்களுக்குள் நடக்கிற காரியமன்று.

2019 ஜூலையில் திரெங்கானுவின் டுங்குன் வட்டாரத்தில், ஜனங்களைக் கண்டும் அஞ்சாமல் ஊருக்குள் உலவிய ஒரு புலி பிடிக்கப்பட்டு, அவாங் பெசுல் என்று பெயரிடப்பட்டு, சிகிச்சைக்காகச் சுங்காய்க்குக் கொண்டுவரப்பட்டது. புலி அச்சமற்றுத் திரிந்ததற்குக் காரணம் வீரமன்று, வியாதி. நாய்களிடையே பரவும் டிஸ்டெம்பர் என்னும் வைரஸ் நோய் அதன் மூளையையும் நரம்பையும் தாக்கியிருந்தது. வைத்தியர்கள் எவ்வளவோ முயன்றும் சில நாட்களுக்குள் அது மாண்டது. தீபகற்பத்துக் காடுகளில் எஞ்சியுள்ள புலிகள் 150-க்கும் குறைவே என்று கணக்கிட்டிருக்கும் தேசத்தில் இது ஓர் உயிரின் மரணம் என்று மட்டும் சொல்லி ஆறுதல் கொள்ள இயலாது. அப்புலிக்கு நோய் எங்கிருந்து தொற்றிற்று என்று தீர்ப்புக் கூறுவது என் வேலையன்று. டிஸ்டெம்பரைக் காட்டு மிருகங்களுக்கு அருகில் சுமந்து திரியக்கூடிய பிராணிகளில் தடுப்பூசி போடப்படாத ஊர்நாய் தலைமையானது என்பதும், அந்த நோய்க்கு நாய்களுக்கு இடும் தடுப்பூசி சாதாரணக் கால்நடை மருத்துவரிடமே கிடைக்கிறது என்பதும் மட்டும் நிச்சயம். நாயை வளர்க்கிறோம், மிச்சச் சோற்றைப் போடுகிறோம், இரவில் அவிழ்த்து விடுகிறோம், அது செம்பனைக் காட்டுக்குள் சென்று என்ன செய்கிறது என்று கேட்பதில்லை. சுருண்டு கிடக்கும் எறும்புத்தின்னியின் வாலைக் கடித்துக் குதறுவதும், மரநாய்க் குட்டியைக் கவ்விக்கொண்டு வருவதும், நோயை அங்கே விட்டுவிட்டு இங்கே திரும்புவதும் அதன் இரவுச் சஞ்சாரத்தின் பயன்கள். ஆண்டுக்கொரு முறை ஊசி, அந்தியானதும் ஒரு சங்கிலி அல்லது மூடிய வெளிவாசல்: வனவிலங்குப் பாதுகாப்பு என்று நான் சொல்வதில் பெரும்பகுதி இவ்வளவுதான். இது இலாகாவின் வேலையென்றால், நம் நாயைக் கட்டுவதற்கு ஓர் அதிகாரியை அனுப்புமாறு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது மயக்கமாகிய 'எடுத்து வளர்த்தல்' முன்னதைவிடக் கொடியது. ஏனெனில் அது புண்ணியத்தின் வேஷம் பூண்டு வருகிறது. ஆங்கிலேயர் பல தலைமுறைகளாகத் தம் தோட்டத்து முள்ளெலிக்குப் பாலும் ரொட்டியும் ஒரு தட்டில் வைத்து வந்தார்கள். பாலைச் செரிக்கும் சக்தி முள்ளெலிக்கு இல்லை. வயிற்றுப்போக்குக் கண்டு அது மெலிவதற்கே அந்த அன்பு பயன்பட்டது என்பதை உணர்ந்து, பால் வைக்காதீர்கள் என்று மன்றாடுவதே இப்போது அந்நாட்டுச் சங்கத்தாரின் முதற்பாடமாக இருக்கிறது. நம் ஊரில் நிகழ்வதோ இதனினும் விபரீதம். மரநாய்த் தாய் தன் குட்டிகளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு ஒவ்வொன்றாகக் கவ்விச் செல்லும் வழக்கமுடையது. ஒன்றைக் கொண்டுபோய் வைத்துவிட்டு மற்றொன்றுக்குத் திரும்பி வருவதற்குள், 'ஐயோ, தாயில்லாப் பிள்ளை' என்று நாம் அதனை எடுத்து வந்துவிடுகிறோம். அநாதையாக இராததை அநாதையாக்கிய பிறகு, நாமே தாயாகிவிட்டதாகப் பெருமிதம் கொள்கிறோம். பறக்கப் பழகும் குஞ்சு தரையில் அமர்ந்திருப்பதும் அவ்வாறே. அருகில் மரக்கிளையில் தாய்ப்பறவை இரையுடன் காத்திருக்கும், நாம் விலகினால் இறங்கும்.

தேவாங்கின் கதை வேறு. பெரிய கண்களும் மெதுவான நடையும் கொண்ட அதன் முகத்தைக் கண்டு இரக்கப்படாதவர் இல்லை. அதன் முழங்கையருகே சுரக்கும் நஞ்சை நாவினால் தடவிக்கொண்டு கடிக்கும் என்பது தெரிந்தே, விற்பவர்கள் மயக்க மருந்துகூட இன்றி அதன் பற்களைக் கத்தரித்துவிடுகிறார்கள். பல்லிழந்த தேவாங்கு மறுபடியும் காட்டில் வாழ இயலாது. அதை விலை கொடுத்து வாங்கி, 'நான் வாங்காவிட்டால் வேறொருவன் கொடுமைப்படுத்துவான்' என்று சமாதானம் சொல்பவர், அடுத்த தேவாங்கைப் பிடிப்பதற்கு அச்சாரம் கொடுத்தவராகிறார். எறும்புத்தின்னியை வளர்க்கத் துணிபவரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம்: தேர்ந்த நிபுணர் கையிலேயே அது உணவு கொள்ளாமலும், கலக்கத்தால் குடல் புண்ணாகியும் மாண்டுவிடுவதுண்டு. 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இவ்விரு ஜீவன்களையும் முழுப் பாதுகாப்புப் பட்டியலில் வைத்திருக்கிறது; விசேஷ அனுமதியின்றி வைத்திருப்பதே குற்றம்; 2022-ல் திருத்தப்பட்ட அச்சட்டத்தின் உச்ச தண்டனை பத்து லட்சம் வெள்ளி அபராதம், பதினைந்து ஆண்டுச் சிறை வரை செல்கிறது. 'அன்பினால் வைத்திருந்தேன்' என்பது சட்டத்துக்குப் பதிலாகாது. அந்தப் பிராணிக்கும் ஆகாது.

இங்கே நம் இலக்கிய மரபையே என்மீது ஏவிவிடுவார்கள் என்பதை அறிவேன். மயிலுக்குப் போர்வை ஈந்த பேகன் பிறந்த இனத்தில் வந்தவன் இப்படிப் பேசலாமா என்பார்கள். பேகனைக் காவிய ரசத்தோடு வணங்குவதில் நான் யாருக்கும் பின்னிற்பவன் அல்லன். ஆனால், தோகையை உடையாக இயற்கையே அளித்திருக்கும் பறவைக்குப் பட்டுப் போர்வை எதற்கு? சங்கச் சான்றோரே அதைக் கொடைமடம் என்ற வகையில் வைத்துத்தான் பாராட்டினார்கள். அம்மடம் கொடுப்பவனின் நெஞ்சுக்கு அலங்காரமே தவிர, பெறுகின்ற மயிலுக்கு ஒரு பாரம். வேண்டியது எது என்று விசாரியாமல், தனக்குக் கொடுக்கத் தோன்றுவதைக் கொடுத்துவிட்டுப் போகும் வள்ளன்மையைக் காட்டு ஜீவன்களிடம் காட்டுவது பெரும் பிழை.

வள்ளலாரின் ஜீவகாருண்யமும் இப்படித்தான் பிரயோகம் செய்யப்படுகிறது. 1867-ல் வடலூரில் தருமசாலை தொடங்கி அடுப்பு மூட்டியவர் அவர். பசித்த மனிதனுக்குச் சோறிடுதல் என்னும் அறத்தை அவரைவிடத் தீவிரமாக வற்புறுத்தியவர் தமிழகத்தில் எவருமில்லை. அப்பெருமான் பெயரைச் சொல்லிக்கொண்டு, மலையடிவாரக் கோயில்களில் கூட்டங்கூட்டமாய் வரும் குரங்குகளுக்கு வாழைப்பழமும் கச்சானும் பிஸ்கோத்தும் எறிகிறோம். எறிந்ததன் பயன் என்ன? காட்டில் பழமும் இலையும் நண்டும் தேடித் தின்னத் தெரிந்த ஜாதி, மனிதன் கையைப் பார்க்கக் கற்றுக்கொள்கிறது. கை வெறுமையாக இருந்தால் பையைப் பறிக்கிறது. பை கிடைக்காவிட்டால் குழந்தையைக் கடிக்கிறது. பிறகு தாமான்வாசிகள் புகார் கொடுக்கிறார்கள். புகாரின்மேல் குரங்குகள் ஆயிரக்கணக்கில் பொறிவைத்துப் பிடிக்கப்பட்டும் சுடப்பட்டும் ஒழிக்கப்படுகின்றன. நீண்டவால் குரங்கு 2022-ல் சர்வதேசச் செம்பட்டியலில் அழிவை எதிர்நோக்கும் இனங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது என்று சொன்னால் நம்மில் பலர் சிரிப்பார்கள். கண்முன் நூறு குரங்குகள் இருக்கின்றனவே என்பார்கள். கண்முன் நூறு இருப்பது நாம் எறிந்த பழத்தினால். காட்டுக்குள் எத்தனை இருக்கின்றன என்று யார் எண்ணினார்? கோயிலுக்குப் போகிறவர் பழத்தை அர்ச்சனைக்கு வைத்துக்கொண்டு, குரங்குக்கு எதையும் எறியாமல் வருவாரானால், அன்று அவர் செய்த ஜீவகாருண்யத்தை யாரும் காணமாட்டார்கள். காணப்படாத காருண்யத்தில் நமக்கு ருசியில்லை என்பதே உண்மையான தடை.

'இவை பயிரை அழிக்கும் சத்துருக்கள். இவற்றை எதற்குக் காப்பது?' என்று கொய்யாத் தோட்டக்காரரும் பழத்தோட்டக்காரரும் கேட்பது மட்டுமே, என் செவிக்கு, வயிற்றைத் தொட்டுப் பேசும் யோக்கியமான ஆக்ஷேபம். அதற்கு உபதேசத்தால் பதில் சொல்வது அநியாயம், கணக்கால்தான் சொல்லவேண்டும். பெருஞ்சாலையோரத்தில் கட்டுக்கட்டாகத் தொங்கும் பெத்தாய் இந்த வட்டாரத்தின் வருமானங்களில் ஒன்று. பெத்தாய்ப் பூவும் டுரியான் பூவும் இரவில் மலர்பவை. அவற்றின் மகரந்தத்தை ஒரு மரத்தினின்று மறு மரத்துக்குக் கொண்டுசேர்ப்பவை, சுண்ணாம்புக் குன்றுகளின் குகைகளில் பகலெல்லாம் உறங்கி, இரவில் முப்பது கிலோமீட்டருக்கும் அப்பால்கூடப் பறந்துவந்து தேனருந்தும் வௌவால்கள். பழத்தைக் காக்க நைலான் வலையை மரத்தைச் சுற்றிக் கட்டி, அதில் வௌவாலும் குருவியும் பாம்பும் சிக்கித் தொங்கிச் செத்தபிறகும் அவிழ்க்காமல் விட்டுவைப்பவர், பக்கத்துத் தோட்டக்காரரின் பெத்தாயையும் தம் டுரியானையும் சேர்த்தே கழுத்தறுக்கிறார். கொய்யாவைப் பிஞ்சிலேயே பையிட்டு மூடும் பழக்கம் நம் தோட்டக்காரருக்கு வெகுகாலமாகக் கைவந்தது. ஈயிடமிருந்து கனியைக் காக்கும் அதே பை வௌவாலிடமிருந்தும் காக்கும்போது, வலை ஏன்?

எலியின் விஷயம் இன்னும் தெளிவானது. செம்பனைக் காட்டில் எலி பெருகுவதைக் கண்ட தோட்ட நிர்வாகங்கள், 1980-களிலிருந்து கம்பத்தின் உச்சியில் மரப்பெட்டிகளை வைத்து, வெண்முகக் கூகைகளைக் குடியேற்றி, அவற்றைக்கொண்டு எலியைக் குறைக்கும் முறையைக் கைக்கொண்டன. லாப நஷ்டம் தவிர வேறொன்றையும் தெய்வமாகக் கருதாத நிர்வாகங்களே கூகைக்கு வீடு கட்டிக் கொடுத்தன என்றால், அதில் வருமானம் இருக்கிறதென்றுதானே பொருள்? நாமோ, கூகை கூரைமேல் அமர்ந்து கத்தினால் சாவு நிச்சயம் என்று கல்லெறிகிறோம். அத்துடன், கடையில் கிடைக்கும் நீலமும் சிவப்புமான எலிப் பாஷாண வில்லைகளை அடுக்களை மூலையில் வைக்கிறோம். அந்தப் பாஷாணம் எலியை உடனே கொல்வதில்லை. ரத்தம் உறையும் சக்தியைக் கெடுத்து, நாலைந்து நாள் தள்ளாட வைத்துப் பிறகே கொல்கிறது. தள்ளாடும் எலி கூகைக்கும் காட்டுப் பூனைக்கும் மலைப்பாம்புக்கும் எளிய இரை. அவ்விதம் நம் அடுக்களையில் வைத்த விஷம் ஒரு வாரத்தில் எலியை உண்ணும் காவலாளிகளின் வயிற்றுக்குள் சென்று, அடுத்த வருஷம் எலி இரட்டிப்பாவதற்கு வழி செய்கிறது. பசை அட்டை அதனினும் கொடியது. எலி விழுகிற இடத்தில் பல்லியும் அரணையும் தையல்சிட்டும் விழுகின்றன. அரிசிப் பானைக்கு மூடி, குப்பைத் தொட்டிக்கு மூடி, பழைய கம்பிக்கூண்டுப் பொறி: இவை போதாத வீட்டை நான் அறியேன்.

மருந்து என்ற பெயரில் நடப்பதை ஒரே வார்த்தையில் தள்ளிவிடலாம். எறும்புத்தின்னியின் செதில் நம் நகம் எப்பொருளால் ஆனதோ அப்பொருளால் ஆனது. அதைப் பொடித்து உண்பவர் தம் நகத்தைக் கடித்துத் தின்று அதே பலனை இலவசமாகப் பெறலாம். தென்பாண்டிச் சீமையில் முள்ளெலியின் முள்ளைச் சுட்டுக் கக்குவான் இருமலுக்குக் கொடுத்தார்கள் என்பது உண்மையே. அது தடுப்பூசி இல்லாத காலத்துத் தாய்மாரின் பரிதாபம். அரசாங்கக் கிளினிக்கில் குழந்தைக்கு ஊசி போடப்படும் நாட்டில் வாழ்பவன் முள்ளம்பன்றி வயிற்றுக் கல்லுக்குப் பெருவிலை கொடுப்பதை எந்த அடைமொழியால் அழைப்பதென்று எனக்குத் தோன்றவில்லை.

ஏழைக்கு இதெல்லாம் ஏது என்ற வாதம் ஒன்று எஞ்சுகிறது. நாய்க்கு இடும் ஊசி நீங்கலாக, நான் மேலே சொன்னவற்றில் காசு கேட்பது எது? வலை கட்டாதிருத்தல், பாஷாணம் வாங்காதிருத்தல், பழம் எறியாதிருத்தல், குட்டியை எடுக்காதிருத்தல் யாவும் செலவைக் குறைப்பவை. லயத்து வீட்டில் பிறந்த நம் பாட்டனாருக்குப் பாம்புப் புற்றின் அருகே கறிவேப்பிலைச் செடி நடக்கூடாது, இரவில் சாம்பற்குழியைக் கிளறக்கூடாது என்ற விவேகம் காசில்லாமலே இருந்தது. உதவி என்றால் ஏதாவதொன்றைக் கொடுத்தே தீரவேண்டும் என்று எண்ணுவது, கொடுக்க வசதி வந்தபின் நமக்கு ஏற்பட்ட வியாதி. அப்படியும் கொடுக்க ஆவலுடையவர் 1940 முதல் இயங்கிவரும் மலேசிய இயற்கைக் கழகத்தில் அங்கத்தினராகச் சேர்ந்து சந்தா செலுத்தலாம். தேவாங்கு வாங்குவதைவிடச் சல்லிசு.

மெய்யாகவே காயம்பட்ட ஜீவன் வாசலில் கிடந்தால் என்ன செய்வது? அப்போதும் கைக்கு வேலை குறைவு. கண்ணுக்கும் வாய்க்குமே வேலை. நாயையும் பிள்ளைகளையும் உள்ளே அனுப்பிவிட்டு, கடிக்கக்கூடியதாயின் அருகில் செல்லாமல், சிறியதாயின் காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டிக்குள் கனத்த துணியால் பற்றி வைத்து, இருட்டான அமைதியான இடத்தில் விட்டு, உணவும் பாலும் தண்ணீரும் வாயில் ஊற்றாமல், எந்த மரத்தடியில், எந்த மைல்கல்லருகே, எத்தனை மணிக்குக் கண்டோம் என்பதைக் குறித்துக்கொண்டு, பெர்ஹிலித்தானுக்குத் தொலைபேசி செய்யவேண்டும். பாம்பானால் 999-ஐ அழைத்தால் தீயணைப்புப் படையோ பொதுத் தற்காப்புப் படையோ வரும். இடத்தைக் குறிப்பது அற்ப விஷயமன்று. குணமடைந்த பிராணியைக் கண்டெடுத்த இடத்துக்கே கொண்டுபோய் விடவேண்டியிருக்கிறது; 'பீடோர் பக்கம் எங்கோ' என்று சொல்லிவிட்டால் சுங்காய் வைத்தியர் அதை எங்கே விடுவார்? படம் எடுத்து உறவினருக்கெல்லாம் அனுப்புவதை மட்டும் தயவுசெய்து நிறுத்திக்கொள்ள வேண்டும். எறும்புத்தின்னி எந்தத் தாமானில் கிடக்கிறது என்ற செய்தி, இலாகா வண்டி புறப்படுமுன் கோணிப்பைக்காரனுக்கு எட்டிவிடுகிறது.

'அழைத்தாலும் யார் வருகிறார்கள்?' என்று கடைசியாகக் கேட்பார்கள். சில சமயம் தாமதமாகத்தான் வருகிறார்கள். ஒரு மாவட்டத்துக்குக் கைவிரல் எண்ணிக்கைக்கு மேல் ஆள் இருப்பதில்லை. வராவிட்டால் மறுபடி அழைக்கவேண்டும். அதற்கும் வராவிட்டால் ஈப்போவிலுள்ள இலாகாவின் மாநில அலுவலகத்துக்கு எழுதவேண்டும். அதற்கும் பயனில்லையெனில், ஓட்டுக் கேட்டு வரும் சட்டமன்ற உறுப்பினரிடம், கோயில் மதிலுக்கும் மண்டபக் கூரைக்கும் கேட்பதோடு இதையும் சேர்த்துக் கேட்கவேண்டும். தெருவிளக்கு எரியவில்லை, குப்பை லோரி இரண்டு நாளாக வரவில்லை என்றால் மூன்று வேளையும் தொலைபேசியைக் கீழே வைக்காத நாம், வனவிலங்கு இலாகா மட்டும் ஒரே அழைப்பில் ஓடிவர வேண்டும், இல்லையேல் நம் கடமை தீர்ந்தது என்று எந்த நியாயத்தின்படி முடிவு செய்தோம்?